இரைச்சலின் வரலாறு

சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில், தேக்காச் சந்தைக்கு அண்மையில் மெக்கன்சி சாலை உள்ளது. காய்கறிப் பைகளோடு அப்பக்கம் நடப்போருள் பெரும்பாலோர், நகரின் தெருக்களுக்கு முதன்முதலில் மின்னொளி வழங்கிய இடம் அதுவென அறியார். 1905ஆம் ஆண்டில் டிராம் வண்டிகளை ஓட்டுவதற்கென அங்கே ஒரு மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே நகராட்சி அதனிடம் மின்சாரத்தை விலைக்கு வாங்கி, ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் விளக்கேற்றியது. டிராம் வண்டிகள் 1927இல் மறைந்தன. மின்சாரமோ வீடுதோறும் புகுந்தது. அதனுடன் அழையாத விருந்தாளியாக ஓர் ஒலியும் புகுந்தது.

இன்று அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் தவிலின் தொப்பிப் பக்க முழக்கத்தைக் கேட்க விழைந்து 'சப்வூபர்' என்னும் தாழொலிபெருக்கியை வாங்கி வைப்பவர், பாட்டு நின்ற பின்னும் அப்பெட்டி 'ம்ம்ம்' என்று முனகுவதைக் கேட்டுத் திகைக்கிறார். பெட்டி பழுது என்றே முடிவு கட்டுகிறார். ஆயின் அம்முனகல் பெரும்பாலும் பெட்டியின் குரலன்று, நகரின் குரல்.

பிரிட்டனைப் போன்றே சிங்கப்பூரிலும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைந்து திரும்புகிறது. அமெரிக்காவில் இது 60. நொடிக்கு 50 அதிர்வு என்பது மனிதச் செவி உணரக்கூடிய ஆழ்ந்த ஒலியாகும். தம்புராவின் சுருதி பாடகர் விரும்பி வைத்துக்கொள்வது. இதுவோ எவரும் வேண்டாத சுருதி. பழைய வானொலிப் பெட்டிகளிலும் இவ்விரைச்சல் இருந்ததுண்டு. ஆயினும் அவற்றின் சிறிய ஒலிபெருக்கிகளால் இத்துணை ஆழ்ந்த ஒலியை எழுப்ப இயலவில்லை. 1974இல் வெளிவந்த 'எர்த்குவேக்' என்னும் ஆங்கிலப் படம், நிலநடுக்கத்தின் அதிர்வைத் திரையரங்கிற்குள் கொணர்ந்தது. அந்த ஆசை பின்னர் வீட்டுக் கூடத்திற்கும் வந்தது. ஆழ்ந்த ஒலிக்கென்றே தனிப்பெட்டி வந்ததும், அதுகாறும் ஒளிந்திருந்த இரைச்சலும் வெளிப்பட்டது.

இடையில் வந்த ரீடிஃப்யூஷனை இங்கு நினைவுகூர்தல் தகும். 1949இல் தொடங்கிய அவ்வொலிபரப்பு கம்பி வழியே வீடுகளை எட்டியது. வீட்டிலிருந்த பெட்டிக்குள் ஒலிபெருக்கியும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் தவிர வேறு பெரிதாக ஏதுமில்லை. ஒலிக்கு வேண்டிய ஆற்றலும் அக்கம்பியிலேயே வந்தது. ஆதலின் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் நுழைய அங்கே வாயில் இல்லை. எளிமைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு போலும்!

இரைச்சலை அடக்கும் கலை இதனினும் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலை நகரங்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும், தொலைபேசியில் பேசுவோர் காதில் இரைச்சல் விழுந்தது. அக்காலத் தொலைபேசிக்கு ஒரே கம்பிதான். மின்னோட்டம் திரும்பி வரும் வழி நிலம். டிராமும் நிலத்தையே நம்பியிருந்தது. இரண்டும் ஒரு வழியில் சென்றதால் ஒன்றன் சுமை மற்றதன்மேல் ஏறியது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இரு கம்பிகளை முறுக்கிப் பிணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நிலத்தை விடுத்து இரு கம்பிகளில் பேச்சைச் செலுத்தியபோது இரைச்சல் அடங்கியது.

வீட்டுக் கூடத்தில் நிகழ்வதும் ஏறத்தாழ அதே கதைதான். தாழொலிபெருக்கிக்கு மூன்று முள் செருகி. அதன் 'எர்த்' எனும் நிலத்தொடர்பு ஒரு வழி. ஒலிக்கம்பி வழியே அது ஒலிமிகைப்பியோடும், ஒலிமிகைப்பி தொலைக்காட்சியோடும் இணைகிறது. தொலைக்காட்சிக்கு வரும் அலைவாங்கி வடத்தின் உறையோ கட்டடத்தின் வேறோரிடத்தில் நிலத்தைத் தொடுகிறது. நிலத்துக்கு இரு வழிகள் ஏற்பட்டதும் வளையம் ஒன்று உருவாகிறது. அவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தைப் பெட்டி பெருக்கி முழக்குகிறது.

ஆராயும் முறை எளிது. ஒலிக்கம்பியைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் குற்றம் பெட்டிக்கு வெளியே உள்ளது. நிற்காமல், இன்னும் சற்று உயர்ந்த சுருதியில், நொடிக்கு 100 அதிர்வாகக் கேட்டால், உள்ளிருக்கும் மின்தேக்கி தளர்ந்திருத்தல் கூடும். தொலைக்காட்சி வடத்தை மட்டும் கழற்றிப் பார்த்தால் வளையம் எங்கே முடிகிறது என்பது பல வேளைகளில் விளங்கிவிடும். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்செருகிப் பலகையில் இணைத்தாலே அமைதி திரும்பிய வீடுகள் உண்டு.

ஆயின் சிலர் கையாளும் குறுக்குவழி ஒன்று அச்சந்தருவது. செருகிக்குள் நிலத்தொடர்புக் கம்பியை வெட்டிவிடுகின்றனர். இரைச்சல் உடனே நிற்கும். வெற்றி என்றே தோன்றும். பின்னொரு நாள் உள்ளே மின்கசிவு நேர்ந்தால், அது செல்ல வேண்டிய வழி அடைபட்டிருக்கும். உலோகப் பகுதியைத் தொடும் குழந்தையின் கையே மாற்றுவழியாகிவிடும். கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பின் கட்டிய வீடுகளில் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய வீடுகளும் 2025 ஜூலை முதல் தேதிக்குள் அதனைப் பொருத்த வேண்டுமென்று பின்னர் விதி வகுக்கப்பட்டது. அக்கருவி இருப்பினும், நிலத்தொடர்பு இல்லாத பெட்டியில் கசிவு வெளிப்படுவது பெரும்பாலும் ஒருவர் கைபட்ட பிறகே.

தொழில் அறிந்தவர் கத்தியை எடுப்பதில்லை. ஒலிக்கம்பியின் இடையே தீப்பெட்டியளவு மின்மாற்றி ஒன்றைப் பொருத்துகின்றனர். அதனுள் இரு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் அடுத்தடுத்து இருக்கும். இசை காந்தப்புலம் வழியே கடந்து செல்லும், வளையம் அங்கே அறுபடும். சுவரிலுள்ள செருகியின் மூன்றாம் முள் தன் துளையிலேயே இருக்கும்.