ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழக இளநிலை வரலாற்றுப் படிப்பு

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகம் வழங்கும் மூன்றாண்டு ஆனர்ஸ் படிப்பு. 1850இல் சட்டத்தோடு இணைந்த தேர்வுப் பிரிவாகத் தோன்றி, 1872இல் தனிப் பிரிவாயிற்று. தொடக்கத்தில் ஆங்கில அரசியலமைப்பின் வளர்ச்சியே இதன் மையம். இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்களின் வரலாறும் இதில் அடங்கும். வரலாற்றை எதற்காகக் கற்பிப்பது, யாருடைய வரலாற்றைக் கற்பிப்பது என்ற இரு கேள்விகளே இப்படிப்பைப் பலமுறை மாற்றியமைத்தன.

முன்வரலாறு

1622இல் வில்லியம் கேம்டன் இங்குப் பண்டைய வரலாற்றுக்கென ஒரு பேராசிரியர் பதவியை நிறுவினார். முதலில் அப்பதவியை வகித்த டெகரி வேர், ரோமானிய ஆசிரியர் ஃபுளோரசின் நூலை அடியொற்றி விரிவுரையாற்றினார். நவீன வரலாற்றுக்கு 1724இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அரசப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். தூதர்களையும் அரசு அலுவலர்களையும் உருவாக்குவது அவர் நோக்கம். அதனால் பிறமொழிகள் கற்பிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் பட்டத் தேர்வில் இப்பாடத்துக்கு இடமில்லை. தேர்வில் வராத பாடத்தை மாணவர்கள் நாடவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அப்பதவி பெயரளவிலேயே இருந்தது. 1841இல் பொறுப்பேற்ற ரக்பி பள்ளித் தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டின் விரிவுரைகளுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. ஆனால் அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

தேர்வுப் பாடமாதல்

1850ஆம் ஆண்டின் தேர்வுச் சீர்திருத்தம் ‘சட்டமும் நவீன வரலாறும்’ என்ற பிரிவை உண்டாக்கியது. முதல் தேர்வு 1853இல் நடந்தது. நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லவிருக்கும் உயர்குடி இளைஞர்களுக்கு இவ்விணைப்பு பொருந்தும் எனக் கருதப்பட்டது. கிரேக்க, லத்தீன் செவ்வியல் கல்வியே உயர்ந்தது என்ற எண்ணம் வலுவாக இருந்ததால், புதிய பிரிவை எளிதான படிப்பு என்று பலர் குறைத்து மதித்தனர். 1872இல் சட்டம் பிரிந்து சென்றது. ‘நவீன வரலாறு’ என்ற பெயர் இருந்தாலும், ரோமப் பேரரசின் பிற்காலத்துக்குப் பிந்திய அனைத்தும் அதில் அடங்கின.

ஸ்டப்ஸ் காலம்

எளிதான படிப்பு என்ற இகழ்ச்சியைத் துடைத்தவர் 1866 முதல் 1884 வரை அரசப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஸ்டப்ஸ். 1870இல் அவர் தொகுத்த ‘செலக்ட் சார்ட்டர்ஸ்’, தொன்மைக்காலம் முதல் முதலாம் எட்வர்டின் ஆட்சிவரையிலான ஆங்கில அரசியலமைப்பு ஆவணங்களைக் கொண்டது. மாக்னா கார்ட்டாவும் அதில் உண்டு. லத்தீன் ஆவணத்தின் சில வரிகள் தேர்வில் கொடுக்கப்படும். அவ்வரிகள் எதைக் குறிக்கின்றன, ஏன் முக்கியம் என்பதை மாணவர் விளக்க வேண்டும். கதை சொல்லித் தேறிவிட முடியாதபடி, மூலத்தைப் படிக்கும் உழைப்பைக் கட்டாயமாக்கிய பயிற்சி இது. பல தலைமுறை மாணவர்கள் இத்தொகுப்பைக் கரைத்துக் குடித்தார்கள்.

டியூட்டர் முறை

கற்பித்தலின் பெரும்பகுதி பேராசிரியர்களிடம் இல்லை. கல்லூரி டியூட்டர்களிடமே இருந்தது. மாணவர் வாரந்தோறும் ஒரு கேள்வியும் நூற்பட்டியலும் பெறுவார். நூலகத்தில் படித்து, கட்டுரை எழுதி, டியூட்டரின் அறையில் அவர் முன் வாசிப்பார். ‘இதற்கு ஆதாரம் என்ன?’, ‘மறுதரப்பு என்ன சொல்லும்?’ என்று கேள்விகள் தொடரும். 1904இல் அரசப் பேராசிரியரான சார்லஸ் ஃபர்த், இம்முறை தேர்வுக்குத்தான் தயாரிக்கிறது, ஆய்வாளரை உருவாக்குவதில்லை என்று தம் தொடக்க உரையிலேயே சாடினார். டியூட்டர்கள் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தனர். பொதுவாழ்வுக்கான கல்வியா, ஆய்வுத் தொழிலுக்கான கல்வியா என்ற அந்த வழக்கில் அப்போது டியூட்டர்களின் கையே ஓங்கியது. ஆயினும் ஆய்வுப் பயிற்சி பிற்காலத்தில் பாடத்திட்டத்துக்குள் இடம்பெற்றது.

பெண்கள்

1879இல் லேடி மார்கரெட் ஹால், சோமர்வில் ஆகிய, பெண் மாணவர்களுக்கான இல்லங்கள் திறக்கப்பட்டன. 1884இல் நவீன வரலாறு உள்ளிட்ட சில பிரிவுகளின் தேர்வுகளைப் பெண்கள் எழுத வழி பிறந்தது. 1888இல் கெர்ட்ரூட் பெல் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். இப்பிரிவில் அத்தகுதி பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. தேர்வில் வென்ற பெண்களுக்கும் பட்டம் மறுக்கப்பட்ட இந்த அநீதி 1920இல்தான் நீங்கியது. அரசப் பேராசிரியர் பதவிக்கு ஒரு பெண் வர 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு லிண்டல் ரோப்பர் பொறுப்பேற்றார்.

பேரரசும் பிற நாடுகளும்

இந்திய வரலாறு 19ஆம் நூற்றாண்டிலேயே இங்குக் கற்பிக்கப்பட்டது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கதையாகவே அது அமைந்தது. 1905இல் குடியேற்ற நாடுகளின் வரலாற்றுக்குப் பெய்ட் பேராசிரியர் பதவி உருவானது. பேரரசின் பார்வையை முதலில் அசைத்தவர்கள் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்து படித்தவர்கள். டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ் 1935இல் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். அடிமைமுறைக்கும் பிரிட்டனின் முதலாளித்துவ வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் அவர் நூல் 1944இல் வெளிவந்தது. இங்கு வரலாறு படித்த கே. எம். பணிக்கர், ஆசியாவில் மேற்கத்திய ஆதிக்கத்தை ஆசியரின் நோக்கில் எழுதி 1953இல் வெளியிட்டார். சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால் 1966 முதல் 1971 வரை இங்குத் தெற்காசிய வரலாற்று ரீடராக இருந்தார்.

எனினும் பாடத்திட்டம் மெதுவாகவே நகர்ந்தது. ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு என்று 1960களில் அரசப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் கூறிய கருத்து கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அக்கண்டனம் நியாயமானதே.

இன்றைய அமைப்பு

முதலாண்டு இறுதியில் பிரிலிம்ஸ் தேர்வும், மூன்றாமாண்டு இறுதியில் ஃபைனல்ஸ் தேர்வும் நடக்கின்றன. பிரிட்டன் வரலாறு, ஐரோப்பிய, உலக வரலாறு, மூல ஆவணங்களை நுணுகிப் படிக்கும் சிறப்புப் பாடம், சொந்த ஆய்வேடு ஆகியவை முக்கியக் கூறுகள். பொருளாதாரம், அரசியல், ஆங்கிலம் போன்றவற்றோடு இணைந்த பட்டங்களும் உண்டு. ‘நவீன’ என்ற அடைமொழி 21ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. பிரிட்டன், ஐரோப்பா நீங்கலான பகுதியின் வரலாற்றில் ஒரு தாளையேனும் ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும் என்ற விதி 2017இல் அறிவிக்கப்பட்டது.

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் மூலத்தை நேரில் படிப்பதும், கட்டுரையை எழுதி வாதாடுவதும் தொடர்கின்றன. இப்படிப்பின் மதிப்புக்கு அடிப்படை இவ்விரண்டுமே.