கொடும்பாளூர் முதல் ரங்கூன் மொகல் தெரு வரை: புதுக்கோட்டை வணிகர் குழுக்களின் கடல்கடந்த தடம்

சென்னை வர்த்தக சபை 1836இல் தோன்றியது. மதுரையில் இன்று தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கம் என வழங்கும் அமைப்பு, மதுரை-ராமநாதபுரம் வர்த்தக சங்கமாக 1924இல் தொடங்கப்பட்டது. வணிகர்கள் சங்கமாகக் கூடி வெளிநாட்டு வாணிபத்துக்கு வழி செய்துகொள்ளும் பழக்கம் ஆங்கிலேயரோடு வந்தது என்ற எண்ணம் இதனால் பலருக்கு உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலைக்குத் தெற்கே இருக்கிறது கொடும்பாளூர். மூவர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் அதைக் கட்டிய இருக்குவேள் தலைவன் பூதி விக்கிரமகேசரியின் பெயரைக் கேட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் இவ்வூருக்கு வணிகத்தாலும் பெயர் உண்டு. உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழி இங்கே மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. பெருவழிகள் கூடும் இடத்தில் வணிகர் கூடுவது இயல்பு. மணிக்கிராமம் என்னும் வணிகக் குழு இங்கே வேரூன்றியது. ஊர்ப்பெயரையும் சேர்த்துக் 'கொடும்பாளூர் மணிக்கிராமம்' என்றே கல்வெட்டுகள் அதை அழைக்கும்.

அதே குழுப்பெயர் தாய்லாந்தின் மேற்குக் கரையிலும் கிடைக்கிறது. அங்குள்ள தகுவாபாவில் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'அவனி நாரணம்' என்ற குளம் தோண்டப்பட்ட செய்தியைச் சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். குளத்தைத் தோண்டுவித்தவன் நங்கூருடையான்; அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாரிடமும் சேனாமுகத்தாரிடமும் விடப்பட்டது. அந்த மணிக்கிராமத்தார் கொடும்பாளூரிலிருந்து போனவர்கள்தான் என்று கல் சொல்லவில்லை. அந்த முடிவுக்குத் தாவுவது ஆய்வாகாது. எனினும் குழுவின் வேலை என்ன என்பது அந்தக் குளத்திலேயே விளங்குகிறது. அயல் மண்ணில் மாதக்கணக்கில் பருவக்காற்றுக்காகக் காத்திருக்கும் தனி வணிகனால் நீருக்கும் காவலுக்கும் நிலையான ஏற்பாடு செய்துகொள்ள முடியாது. அதைக் குழுதான் செய்ய வேண்டும்.

திருமயம் வட்டாரத்து முனசந்தையில் கிடைத்த முற்காலச் சோழர் காலக் கல்வெட்டிலும் ஒரு நீர்நிலை வருகிறது. அந்த ஏரி திசையாயிரத்து ஐந்நூற்றுவர் பெயரைத் தாங்கியது. கர்நாடகத்து ஐகொளெயில் வேர்கொண்ட இந்த மாபெரும் வணிகக் கூட்டமைப்பைக் குறிக்கும் தமிழகக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டையில் ஏரியை விட்டால் வேளாண்மை இல்லை. உள்ளூர் மக்களின் நல்லெண்ணத்தைப் பெற ஒரு வணிகக் குழு அங்கே ஏரியில் பணம் போட்டிருந்தால், அது தேர்ந்த கணக்கு.

நார்த்தாமலையில் இதன் அடுத்த படியைக் காணலாம். முதலாம் இராசராசனின் விருதுப்பெயரால் 'தெலுங்ககுலகாலபுரம்' எனப்பட்ட அவ்வூரை, நகரத்தார் என்ற வணிகர் சபை நிர்வகித்தது. நிலம் விற்பதும் கோயில் காரியம் பார்ப்பதும் அந்தச் சபையின் பொறுப்பு. மேலமலையில் விசயாலய சோழீச்சரத்துக்கு எதிரே இரண்டு குடைவரைகள் உள்ளன. பெரியதன் சுவரில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஏறத்தாழ ஆளுயரத்தில், வரிசையாக நிற்கின்றன. இந்தக் குடைவரையின் பழைய பெயர் பதினெண்பூமி விண்ணகரம். 'பதினெண்பூமி' என்பது ஐந்நூற்றுவர் மரபு வணிகக் கூட்டமைப்பின் பெயர். அரசன் பெயரில் விண்ணகரங்கள், அதாவது திருமால் கோயில்கள், பல உண்டு. இங்கே அந்த இடத்தில் வணிகர் கூட்டமைப்பின் பெயர் நிற்கிறது. அன்றைய சமூகத்தில் அதற்கு இருந்த மதிப்புக்கு இதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை.

மதிப்பு இருந்த இடத்தில் வரி வாங்கும் உரிமையும் இருந்தது. சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் 1873இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088ஐச் சேர்ந்தது. 1932இல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அதை ஆராய்ந்தார், பின்னர் எ. சுப்பராயலு மீண்டும் படித்து விளக்கினார். வந்து சேரும் மரக்கலத்தின் தலைவனும் அவனைச் சேர்ந்தோரும், கஸ்தூரியின் விலையைக் கணக்காக வைத்துப் பொன் செலுத்த வேண்டும்; செலுத்திய பிறகே விரித்த பாவாடைத் துணிமேல் ஏறி உள்ளே போகலாம் என்று ஐந்நூற்றுவர் அங்கே விதித்தார்கள். கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டு மன்னன் ஒருவனின் ஆணையைத் தேடாமல், வணிகர் சபையே கட்டணம் வகுத்துக் கல்லில் பொறித்திருக்கிறது. புதுக்கோட்டை எல்லையை அடுத்த பிரான்மலையின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டோ, உப்பு, மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி, சந்தனம், அகில் எனச் சரக்குதோறும் கோயிலுக்கான மகமையை வரையறுக்கிறது. உறுப்பினர் சந்தாவின் மூத்த வடிவம் இது.

14ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஐந்நூற்றுவர் பெயர் மங்குகிறது. கூட்டாக வெளிநாடு போகும் வழக்கம், வேறு வகையில், இதே மண்ணில் மீண்டும் தழைத்தது. ராயவரம், கோனாபட்டு, அரிமளம், நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை ஆகிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர்களிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறினார்கள். நார்த்தாமலை நகரத்தாரின் நேர் வாரிசுகள் இவர்கள் என்று கூறச் சான்று இல்லை. வேலை செய்த முறையில்தான் ஒற்றுமை.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளை எடுத்துக்கொள்வோம். ஒரே நீண்ட கூடத்தில் பல லேவாதேவிக் கடைகள். ஆளுக்கு ஒரு பாய், ஒரு மேசைப்பெட்டி, சுவரோரம் ஓர் அலமாரி, அதுதான் கடை. புதிதாக ஊரிலிருந்து வரும் பெட்டியடிப் பையன் அங்கேயே கணக்கெழுதப் பழகினான். எந்தக் கடனாளி நாணயமானவன் என்ற செய்தி பாய்க்குப் பாய் போனது. ரங்கூனில் ஏற்பாடு இன்னும் கட்டுக்கோப்பானது. மொகல் தெருக் கோயிலில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் தேதி மாலை நகரத்தாரான செட்டியார்கள் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். வட்டியில் போட்டி போட்டு ஒருவரையொருவர் அழிக்காமலும், பணமுடை வந்தவர் கைவிடப்படாமலும் இருக்க இது உதவியது. பர்மா வங்கி விசாரணைக் குழு 1930இல் பர்மா முழுவதிலும் சுமார் 1,650 செட்டியார் கடைகளையும் 75 கோடி ரூபாய் முதலையும் கணக்கிட்டது.

இந்த வரலாற்றில் வெற்றியை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1930களில் நெல் விலை வீழ்ந்தது. கடன் திரும்பாமல் ஈட்டு நிலங்கள் கடைகளிடம் வந்து குவிந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938வாக்கில் 25 விழுக்காட்டைத் தொட்டது. கடன்பட்டு நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கோபம் நியாயமானது. அதைத் தணிக்க வட்டி நிர்ணயிக்கும் சபையிடம் வழி இல்லை. 1942 ஜப்பானியப் படையெடுப்பும், 1948இன் நில நாட்டுடைமைச் சட்டமும் எஞ்சியதையும் கொண்டுபோயின. முனசந்தையிலும் தகுவாபாவிலும் பழைய குழுக்களின் பெயர் உள்ளூரார் பயன்படுத்தும் நீர்நிலைகளோடு சேர்ந்திருந்தது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

குழுவாகச் செய்ய வேண்டிய வேலை இன்றும் உண்டு. ஆதனக்கோட்டை முந்திரியும், வடகாட்டுப் பலாவும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனும் இன்று இம்மாவட்டத்தின் சரக்குகள். தரச் சோதனை, குளிர்பதனக் கிடங்கு, உற்பத்தி நாட்டுச் சான்றிதழ், அயல்நாட்டில் வாங்குவோரைப் பற்றிய செய்தி ஆகிய நான்கும் சிறு உற்பத்தியாளர் தனியாகச் சுமக்கக்கூடியவை அல்ல. இவற்றை உறுப்பினர் அனைவருக்குமாகச் செய்துதர மாவட்டத்து வணிகர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து முன்வர வேண்டும். பலாவும் மீனும் தருகிற விவசாயிக்கும் மீனவருக்கும் அந்த அமைப்பில் முதலிலேயே இடம் தரப்பட வேண்டும்.