செங்கற்பட்டுச் சீமையில் நோய்க் காவல்

கொள்ளைநோய் ஊருக்குள் புகுந்த பின்னர் மருந்துக்கும் மனிதருக்கும் அலைவது நம் தேசத்தின் நெடுநாளைய வழக்கம். ஆயினும் செங்கற்பட்டு ஜில்லாவின் சென்ற நூற்றாண்டுச் சரித்திரத்தை நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு, நெருக்கடி நேருமுன்பே ஆளையும் அறிவையும் சேர்த்து வைத்த வேறொரு மரபும் இங்கே இருந்தது புலப்படும்.

செங்கற்பட்டை அடுத்த திருமணியில், குஷ்டரோகத்தால் பீடிக்கப்பட்டுச் சுற்றத்தாராலும் கைவிடப்பட்டவர்களுக்கென்று 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரால் ஓர் ஆரோக்கிய நிலையம் ஏற்பட்டது. நீரடிமுத்து எண்ணெயையே வைத்தியர்கள் நம்பியிருந்த அக்காலத்தின் இறுதியில், 1946 வாக்கில், டாக்டர் ராபர்ட் காக்ரேன் ஸல்போன் மருந்தைச் செங்கற்பட்டில் பிரயோகித்துப் பார்த்தார். 1955-இல் மத்திய சர்க்கார் அந்நிலையத்தை ஏற்று, போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய ஸ்தாபனமாக்கிற்று.

ஆனால் என் மனத்தை அதிகம் கவர்வது, 1968-இல் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கிய, க்ஷயத் தடுப்பூசியான பி.ஸி.ஜி.யின் சோதனைதான். சுமார் 3,60,000 ஜனங்கள் வாழ்ந்த கிராமங்களில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பெயர் பதிந்து, சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு மருந்தற்ற ஊசியும் இட்டு, எவருக்கு எது என்று தாங்களும் அறியாமல் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்ற, உலகமே எதிர்பாராத முடிவு 1979-இல் வெளிவந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய க்ஷயத்தை அது தடுப்பதால் இன்றும் இடப்பட்டு வருகிறது என்பது வேறு விஷயம். தங்கள் உழைப்பின் பலன் பாதகமாயிருந்தும் அதை ஒளிக்காமல் உரைத்த அந்த ஆராய்ச்சியாளர்களின் சத்தியத்தை நான் வணங்குகிறேன். தடுப்பு முறைகளில் ஜனங்கள் வைக்கும் நம்பிக்கைக்கு அதைவிட வேறு ஆதாரம் ஏது?

2004 டிஸம்பர் 26-ஆம் தேதி மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் வரையிலான கரையைக் கடல் புரட்டிப் போட்டபோது, தங்குமிடங்களில் காலராவும் அம்மையும் பரவுமென்று யாவரும் அஞ்சினர். தமிழகக் கடற்கரையில் அப்படிப் பெருநோய் எதுவும் பரவவில்லை. நீரில் குளோரின் கலந்தும் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டும் காத்தவர்களுள், அந்தந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்பே பணியிலிருந்த டாக்டர்களும் கிராம சுகாதார நர்ஸுகளும் இருந்தனர்.

அதே திருமணிக்கு அருகில், பல நூறு கோடி ரூபாய்ச் செலவில், மத்திய அரசின் தடுப்பூசி உற்பத்தி வளாகம் ஒன்று எழுந்தது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை மூண்டபோது, அதைக் குத்தகைக்கேனும் தருமாறு மாநில அரசு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. இத்தனை ஆண்டு உழைப்பைக் கண்ட ஜில்லாவில், எழும்பி நின்ற அக்கூடம் அந்தக் கோடையில் ஒரு குப்பி மருந்தேனும் தராமல் கிடந்ததற்கு என் மனம் இன்றளவும் சமாதானம் கொள்ள மறுக்கிறது.