சும்மா ஓகே குடுங்க சித்தப்பா!

"மேக்ரோவை எனேபிள் பண்ணிட்டுத் திறங்க." ரொம்ப வருஷமா நான் அனுப்பின எக்ஸெல் ஃபைல் மெயில்களில் எல்லாம் இந்த ஒரு வரி தவறாம இருக்கும். வீட்டுச் செலவோ சீட்டுக் கணக்கோ, எதுவானாலும் ஒரு பட்டன் வெச்சு, பின்னாடி நாலு வரி மேக்ரோ எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது. உடனே சித்தப்பா போன் பண்ணுவார்.

"என்னடா, வைரஸ் அனுப்பிட்டியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா ஓகே குடுங்க சித்தப்பா."

அவர் பயந்ததுல நியாயம் இருக்கு. கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

வைரஸ்னா ப்ரோகிராமிலும் ஃப்ளாப்பியோட பூட் செக்டாரிலும்தான் வரும்னு நம்பிக்கிட்டிருந்த காலத்துல, 1995-ல் வேர்டு ஃபைல் வழியாப் பரவிச்சு 'கான்செப்ட்'. 1996 ஜூலையில் எக்ஸெலுக்குன்னே 'லாரூ' வந்தது. ஃபைலைத் திறந்ததும் தானா ஓடி, எக்ஸெல் ஆரம்பிக்கும்போதே திறக்கிற ஃபோல்டர்ல ஒரு காப்பி வெச்சுக்கும். அப்புறம் அந்த மெஷினில் திறக்கிற மத்த ஃபைல்களுக்கும் தொத்திக்கும்.

ஆபீஸ் 97-ல் எச்சரிக்கைப் பெட்டி வந்தது. ஆனா ஃபைல்ல மேக்ரோ இருக்கா இல்லையான்னுதான் அதுக்குத் தெரியும். நல்லதா கெட்டதான்னு தெரியாது. என் நாலு வரியும் லாரூவும் அதுக்கு ஒண்ணுதான்.

1999 மார்ச் 26-ல் 'மெலிஸா' கிளம்பிச்சு. வேர்டு ஃபைல்தான். திறந்தவரோட அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கும். தெரிஞ்சவர் பேர்ல வந்ததால ஜனங்க நம்பித் திறந்தாங்க. எழுதின டேவிட் ஸ்மித்துக்கு 2002-ல் 20 மாசம் ஜெயில்.

ஆபீஸ் 2007-ல் மேக்ரோ உள்ள ஃபைலுக்குத் தனியா 'எக்ஸ்எல்எஸ்எம்'னு பேர் வெச்சாங்க. சாதா 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்'ல மேக்ரோவை சேமிக்கவே முடியாது. திருடன் சும்மா இருப்பானா? 'எமோடெட்' கும்பல் ஃபைலுக்குள்ளேயே "எனேபிள் கன்டென்ட் அழுத்துங்க"ன்னு எழுதி அனுப்பிச்சு. படிச்சப்போ சுருக்குன்னு இருந்தது. அது என்னோட வரியாச்சே! சித்தப்பாவுக்கு வருஷக்கணக்கா நான் சொல்லிக்கொடுத்த பாடமும் அதுதானே?

கடைசியில 2022-ல், இணையத்திலேருந்து வந்த ஃபைல்களின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் அடியோட தடுத்தது. சிவப்புப் பட்டை வரும், எனேபிள் பட்டன் கிடையாது.

இப்பல்லாம் ஃபார்முலாவிலேயே கணக்கை முடிச்சு எக்ஸ்எல்எஸ்எக்ஸாத்தான் அனுப்பறேன். மேக்ரோ இல்லாம முடியவே முடியாதுன்னா, அது என்ன செய்யும்னு முதல்லயே போன்ல சொல்லிடறேன்.

சித்தப்பா, நீங்க போன் பண்ணிக் கேட்டதுதான் சரி. ஓகே குடுக்கச் சொன்னதுதான் தப்பு.