கடல் எப்போதும் சூடாகத்தானே இருக்கிறது, புயல் மட்டும் ஏன் சில வாரங்களில் வருகிறது?

கொச்சி மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் உள்ள தோப்பும்படி துறைமுகத்துக்குப் போனால், ஆழ்கடல் படகுகளில் தமிழ்ப் பேச்சைக் கேட்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பகுதி மீனவர்கள் பலர் இங்கிருந்துதான் கடலுக்குப் போகிறார்கள். போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கை அருகே காற்றழுத்த தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக மாறியது. அப்போது பலர் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர்.

இவர்களுக்கு ஒரு நாள் எச்சரிக்கை போதாது. இரண்டு வாரம் முன்பே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும்.

கடல் சூடு போதாதா?

போதாது. புயல் உருவாகக் கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். மே மாதத்தில் அரபிக் கடலும் வங்கக் கடலும் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு புயல் வருவதில்லையே?

ஏன்னா, இடிமேகங்கள் கூட்டமாகச் சேர வேண்டும். தனி இடிமழை ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஒரே பகுதியில் நாள்கணக்கில் இடிமேகங்கள் எழுந்தால், நீராவி மழைத்துளியாக மாறும்போது வெளிவரும் வெப்பம் மேலே உள்ள காற்றைச் சூடாக்கும். கீழே அழுத்தம் குறையும். சுற்றியுள்ள ஈரக்காற்று உள்ளே பாயும். பூமியின் சுழற்சி அதைச் சுழல வைக்கும்.

மேகங்களைக் கூட்டுவது எது?

முக்கியமானது 'மேடன்–ஜூலியன் அலைவு', சுருக்கமாக எம்.ஜே.ஓ. 1971இல் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கே நகரும் பிரம்மாண்ட மழைமேகக் கூட்டம் இது. உலகைச் சுற்றிவர 30 முதல் 60 நாள் ஆகும். இந்தியப் பெருங்கடலைக் கடக்கும்போது இங்கே புயல் வாய்ப்பு கூடும். கடந்துபோன பின் குறையும்.

இதோடு கிழக்கே ஓடும் கெல்வின் அலைகளும், மேற்கே நகரும் ராஸ்பி அலைகளும் உண்டு. ராஸ்பி அலை நிலநடுக்கோட்டின் இருபுறமும் ஜோடியாகச் சுழல்களை உண்டாக்கும். 2022 மே மாதம் வங்கக் கடலில் அசானி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் கரீம் என ஒரே நேரத்தில் இரட்டைப் புயல்கள் வந்தது நினைவிருக்கிறதா? அது இப்படித்தான்.

இதனால் என்ன பயன்?

எம்.ஜே.ஓ மெதுவாக நகர்வதால், அடுத்து எங்கே வரும் என்று கணிக்கலாம். இந்திய வானிலை ஆய்வு மையம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த இரண்டு வாரங்களுக்கான புயல் வாய்ப்பை வெளியிடுகிறது. புயல் எங்கே கரை கடக்கும் என்று அது சொல்லாது. வாய்ப்பு குறைவா, மிதமா, அதிகமா என்று மட்டும் சொல்லும்.

கரையில் இருக்கும் நமக்கு இது ஒரு தகவல். நீண்ட பயணத்துக்கு ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டிருக்கும் படகுக்கு, கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டிய தகவல்.