நம் ஊரில் ஒரு காலத்தில் இருந்த பத்தாண்டுப் பொறுப்பு



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் வீட்டு பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். பாகூர் பக்கம் மனை வாங்கியிருக்கிறார். "சார், மூணு கான்ட்ராக்டர் ரேட் சொல்லியிருக்காங்க. குறைச்சலா சொன்னவர்கிட்டயே குடுத்துடலாமா?" என்று கேட்டார். நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த வழியில்தான் பதில் சொன்னேன். உங்களில் பலரும் வீடு கட்டும் வயதில் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் என் கதை. முப்பது வருடத்துக்கு முன் வில்லியனூர் பக்கம் நான் வீடு கட்டினேன். தெரிந்தவர் சொன்ன மேஸ்திரி. எழுத்து எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. "கம்பி விலை ஏறப்போகுது சார்" என்றதும் கடன் வாங்கி வைத்திருந்த மீதிப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். தளம் போட்ட இரண்டாம் வாரம் ஆளைக் காணோம். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கொத்தனாரும் நான்கு சித்தாள் பெண்களும் என் வாசலில் கூலிக்காக நின்றார்கள். "நான் எல்லாத்தையும் அவர்கிட்ட குடுத்துட்டேன், அவரைக் கேளுங்க" என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்கள். அடுத்த வருடம் சமையலறைச் சுவர் கீறல் விட்டது. கேட்டபோது, "மண் அப்படி சார்" என்றார் மேஸ்திரி.

பல வருடம் கழித்து, பாரிஸ் பக்கம் குடியிருக்கும் என் அக்கா மகன் சொன்னான்: "மாமா, இங்க வீடு கட்டுறவர் பத்து வருஷப் பொறுப்புக்கு இன்சூரன்ஸ் காட்டணும்." தேடிப் படித்தேன். இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது 1978ல் வந்த சட்டம். ஆனால் அந்தப் பத்து வருடப் பொறுப்பு நெப்போலியன் காலத்தது, 1804ல் வந்த சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டம் 1819 ஜனவரியில் புதுச்சேரியிலும் அமலுக்கு வந்தது. திருமணம், வாரிசு போன்ற குடும்ப விஷயங்கள் அவரவர் வழக்கப்படி நடந்தன. ஒப்பந்தங்களுக்கு அந்தச் சிவில் சட்டம்தான். 1880ல் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்கள் ஆயின. 1954ல் கீழூரில் இணைப்புக்கு வாக்களித்து, 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இந்தியாவோடு சேரும் வரை, நம் தாத்தாக்கள் வாழ்ந்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

அதில் வீடு கட்டுபவர்களுக்கு என்றே சில பிரிவுகள் உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பிரிவு 1792: பேசிய மொத்த விலைக்குக் கட்டிய கட்டடம், கட்டுமானக் குறையால் முழுதாகவோ பகுதியாகவோ அழிந்தால், பத்து வருடம் வரை பிளான் போட்டவரும் கட்டியவரும் பொறுப்பு. நிலத்தின் குறையால் அழிந்தாலும் பொறுப்புதான். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்போம். இன்று மனையாகி இருப்பதில் பல, ஏரித் தண்ணீர் பாய்ந்த நன்செய். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மண்ணைப் பார்த்து அதற்கேற்பக் கடைக்கால் போடுவது கட்டுபவர் வேலை என்று அந்தச் சட்டம் வைத்திருந்தது.

பிரிவு 1793: பிளானுக்கு மொத்த விலை பேசிவிட்டால், கூலி ஏறியது, பொருள் விலை ஏறியது என்று கூடுதல் கேட்க முடியாது. கூடுதல் வேலைக்கும் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதமும் பேசி முடித்த விலையும் வேண்டும்.

பிரிவு 1798: கொத்தனார், தச்சர் முதலிய தொழிலாளிகளுக்குக் கூலி வராவிட்டால் அவர்கள் நேரே வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடலாம். ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்காரர் கான்ட்ராக்டருக்குத் தரவேண்டிய பாக்கி எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான்.

இந்த மூன்றாவதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பழைய சட்டமே இருந்திருந்தாலும் அந்த ஆறு பேருக்கு ஒரு பைசா கிடைத்திருக்காது. நான்தான் பாக்கி இல்லாமல் முன்கூட்டியே கொடுத்துவிட்டேனே! என் கையில் இருந்திருக்க வேண்டிய பணம் என் சுவருக்கு மட்டும் காவல் இல்லை, அவர்கள் கூலிக்கும் காவல். அது அன்று எனக்குப் புரியவில்லை.

1960களில் இந்தியச் சட்டங்கள் இங்கே படிப்படியாக வந்தன. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அப்படித் தானாக வரும் பத்து வருடப் பொறுப்பு இல்லை. 2016ன் ரியல் எஸ்டேட் சட்டம் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து வருடப் பொறுப்பு வைத்திருக்கிறது. ஆனால் அது கட்டி விற்பவருக்கு. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டித் தருபவருக்கு அல்ல. அவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், புகார் எழுந்த இரண்டு வருடத்துக்குள். ஆகவே, அன்று சட்டம் தானாகக் கொடுத்ததை இன்று நாமே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான். ரேட்டை அப்புறம் பார். மூன்று பேரும் ஐந்து மழைக்காலத்துக்கு முன் கட்டிய வீட்டைக் காட்டச் சொல். அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசு. இப்போது வேலை நடக்கும் சைட்டுக்கு ஒரு சனிக்கிழமை போய், கூலி சரியாக வருகிறதா என்று சித்தாளிடம் கேள். கூலியை இழுத்தடிப்பவர் சிமென்டிலும் கைவைப்பார். மண் பரிசோதனை செய். கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியப் பணம் கொடு, முன்னால் கொடுக்காதே. கடைசித் தொகையில் கொஞ்சத்தை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வைப்பதாகவும், விரிசல், ஒழுக்கலுக்கு எத்தனை வருடம் பொறுப்பு என்றும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நேர்மையான கான்ட்ராக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அது பாதுகாப்புதான்.

"சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன் சார்" என்று கிளம்பினார்.

சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ பிரெஞ்சுக் காலத்து வீட்டு ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். சேர்ந்து படிப்போம்.