விடாது கருப்பு: விடைக்குப் பிறகும் ஒரு வினா

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்த ‘மர்மதேசம்’ வரிசையில் இன்றும் விவாதிக்கப்படுவது ‘விடாது கருப்பு’. கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள்.

தவறு செய்தவர்களைத் தண்டிப்பது காவல் தெய்வமான கருப்பா, மனிதக் கையா? இறுதியில் தொடர் உளவியலைத் துணைக்கழைத்து, பிளவுண்ட ஆளுமையே காரணம் என்றது. யூடியூபில் மீண்டும் பார்ப்போர் மோதிக்கொள்ளும் இடம் இதுதான். தெய்வத்தை நோயாகச் சுருக்கிவிட்டார்கள் என்கிறது ஒரு தரப்பு. மூடநம்பிக்கையை உடைத்தார்கள் என்கிறது மறுதரப்பு.

குறைகள் உண்டு. வாரக் காத்திருப்பில் மறைந்திருந்த இழுவை, தொடர்ந்து பார்க்கையில் துருத்துகிறது. நோய் பற்றிய விளக்கத்தில் மருத்துவத்தைவிட நாடகமே மிகுதி. ஆயினும் முடிவு தெரிந்து பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. கொலைகள் எப்படி நடந்தன என்பதற்கே அந்த விடை பொருந்துகிறது. ஊர் ஏன் அவ்வளவு அஞ்சியது என்பதற்கு அல்ல. நம் கிராமங்களில் காவல் தெய்வம், வேறெங்கும் நீதி கிடைக்காதவர் முறையிடும் இடமும்கூட. குற்றமுள்ள நெஞ்சுகள் அஞ்சியது அந்த முறையீட்டுக்கே.

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது அஞ்சலிகள் பலவும் ‘மர்மதேச’த்தை நினைவுகூர்ந்தன. முடிவைக் குறைசொல்பவர்களும் அதைத் திரும்பப் பார்ப்பதற்கு, அந்த அச்சத்தை அது மெய்யாகக் காட்டியதே காரணம் என்று தோன்றுகிறது.